ரீலோடிங்கில் எந்த ப்ரைமர்? முதலில் குழி, அடுத்து மருந்து, பிறகு துப்பாக்கி

சுட்டு முடிந்த தோட்டாவின் கேஸை, அதாவது பித்தளைக் கூட்டை, மறுபடி நிரப்புவதுதான் ரீலோடிங். கேஸின் அடியிலுள்ள குழியில் பதிந்து, அடிபட்டதும் உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகக் கிண்ணம்தான் ப்ரைமர். லோட் மேனுவல் என்ற அளவுக் கையேட்டில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் நான்கு விவரங்கள் அச்சாகியிருக்கும்: புல்லட்டின் எடை, மருந்தின் பெயர், எத்தனை கிரெய்ன் (சிறிய எடையளவு), கடைசியில் ப்ரைமரின் பெயரும் எண்ணும். புதிதாக நிரப்பத் தொடங்குகிறவர்கள் முதல் மூன்றையும் கவனமாகப் படித்துவிட்டு நான்காவதைக் கடந்துபோய்விடுகிறார்கள். அந்த எண் அலங்காரத்துக்குப் போட்டதல்ல. அழுத்தத்தை அளந்தவர்கள் அந்த ப்ரைமரை வைத்துத்தான் அளந்தார்கள். அதை மாற்றினால் அந்தப் பக்கத்திலுள்ள உச்ச அளவு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பாக்ஸர் வகை ப்ரைமர்களைப் பற்றியது; ஆன்வில் என்ற சிறு பட்டடை இவற்றில் ப்ரைமருக்குள்ளேயே இருக்கும். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வேறு நாட்டில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

குழியின் அளவு

வழக்கமான விட்டம் இரண்டுதான். ஸ்மால் என்றால் 0.175 அங்குலம், லார்ஜ் என்றால் 0.210 அங்குலம். இரண்டிலும் பிஸ்டல், ரைஃபிள் என்று பிரிவு உண்டு. அவை ஒவ்வொன்றிலும் சாதாரணம், மேக்னம் என்று இன்னொரு பிரிவு.

9 எம்எம், .38 ஸ்பெஷல், .357 மேக்னம், .40 எஸ்&டபிள்யூ ஆகியவற்றுக்கு ஸ்மால் பிஸ்டல். .44 மேக்னம், .45 கோல்ட், 10 எம்எம் ஆகியவற்றுக்கு லார்ஜ் பிஸ்டல். .223 ரெமிங்டன், .300 பிளாக்அவுட், .30 கார்பைன் ஆகியவற்றுக்கு ஸ்மால் ரைஃபிள். .243, .270, .308, .30-06, .30-30 எல்லாம் லார்ஜ் ரைஃபிள். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய கேஸ்களுக்கு லார்ஜ் ரைஃபிள் மேக்னம்.

பொதுவழக்கம் இதுதான் என்றாலும் விலக்குகளில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். .45 ஏசிபி பல காலமாக லார்ஜ் பிஸ்டல் தோட்டா. ஆனால் ஸ்மால் ப்ரைமர் குழியோடும் கேஸ்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. ரேஞ்சில் பொறுக்கிய கேஸ்களில் இரண்டும் கலந்தே வரும். ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்யும் ப்ரோகிரஸிவ் பிரஸ்ஸில் லார்ஜ் ப்ரைமரை ஸ்மால் குழிக்குள் வேகமாக அழுத்தினால் ப்ரைமர் நசுங்கும், சமயத்தில் வெடிக்கும். பிரஸ்ஸில் ஏற்றுவதற்கு முன்பே, நல்ல வெளிச்சத்தில், கேஸ்களின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி தட்டில் அடுக்கிப் பாருங்கள். சின்ன வட்டம் சட்டென்று கண்ணில் படும்.

.454 காசுல் ரிவால்வர் தோட்டாதான், ஆனால் அதன் அழுத்த வரம்பு 65,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதனால் ஸ்மால் ரைஃபிள் ப்ரைமரைக் கேட்கும். .460 எஸ்&டபிள்யூவுக்கு லார்ஜ் ரைஃபிள். .500 எஸ்&டபிள்யூவில் ஆரம்ப காலக் கேஸ்கள் லார்ஜ் பிஸ்டலுக்கு வெட்டப்பட்டவை, பின்னால் வந்தவை லார்ஜ் ரைஃபிளுக்கு; பிந்தியவற்றில் அடிப்பக்கம் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். 6.5 கிரீட்மோரில் ஹார்னடி கேஸ் லார்ஜ் ரைஃபிள், லாபுவா கேஸ் ஸ்மால் ரைஃபிள். லாபுவாவின் பால்மா .308 கேஸும் ஸ்மால் ரைஃபிள்தான். இந்த லாபுவா கேஸ்களில் ப்ரைமரின் ஜுவாலை மருந்துக்குப் போகும் தீத்துளையும் சிறிது: வழக்கமான 0.080 அங்குலத்துக்குப் பதில் 0.059. பழைய ப்ரைமரைத் தள்ளி எடுக்கும் சாதாரண டீகேப்பிங் பின் அதற்குள் போகாது. அழுத்தினால் பின் வளையும் அல்லது துளை கெடும். மெல்லிய பின் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மலிவாகக் கிடைக்கும் பழைய ராணுவக் கேஸ்களில் பெர்டன் வகையும் இருக்கும். அதில் ஆன்வில் கேஸின் பாகமாகவே இருக்கும். தீத்துளை நடுவில் ஒன்றாக இல்லாமல் பக்கத்துக்கொன்றாக இரண்டு. வாய்வழியே டார்ச் அடித்துப் பார்த்து இரண்டு புள்ளி தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்று?

தட்டுப்பாடு வரும்போதெல்லாம் எழும் கேள்வி இது. லார்ஜ் பிஸ்டலும் லார்ஜ் ரைஃபிளும் விட்டத்தில் ஒன்றுதான். உயரத்தில் ரைஃபிள் ப்ரைமர் சுமார் 0.008 அங்குலம் அதிகம். ரைஃபிள் ப்ரைமரைப் பிஸ்டல் குழியில் வைத்தால் வெளியே துருத்தி நிற்கும். ரிவால்வர் சிலிண்டர் சுழலாது. தானியங்கிப் பிஸ்டலில் கேஸின் அடியை மூடும் போல்ட் முகம் மோதி அடிக்கும். எதிர்த்திசையில், பிஸ்டல் ப்ரைமர் ரைஃபிள் குழியில் ஆழமாகப் புதைந்து, ப்ரைமரை அடிக்கும் ஃபயரிங் பின் எட்டாமல் போகும். எட்டினாலும் அதன் மெல்லிய கப் (வெளிக் கிண்ணம்) 60,000 பிஎஸ்ஐயைத் தாங்காது.

ஸ்மால் வகையில் இரண்டும் ஒரே அளவு. அதனால் உள்ளே அழகாகப் பொருந்திவிடும், அதுதான் ஆபத்து. ஸ்மால் பிஸ்டல் கப்பின் தடிமன் சுமார் 0.017 அங்குலம். ஸ்மால் ரைஃபிளில் 0.020 முதல் 0.025 வரை. பிஸ்டல் ப்ரைமரை .223இல் வைத்தால் பின் அடித்த இடத்தில் ஓட்டை விழும், அந்த ஓட்டை வழியே வாயு போல்ட்டுக்குள் பாயும். ஸ்மால் ரைஃபிள் ப்ரைமரை 9 எம்எம்மில் வைப்பவர்கள் உண்டு; ஸ்டிரைக்கர் ஸ்பிரிங் பலமாக இருந்தால் வெடிக்கும், இல்லையென்றால் சில வெடிக்காமல் நிற்கும். தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் அந்தப் பரிசோதனை கூடவே கூடாது.

மருந்து என்ன கேட்கிறது

மேக்னம் ப்ரைமர் என்பது ‘மேக்னம்’ என்று பெயருள்ள தோட்டாக்களுக்கான பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். தோட்டாவின் பெயரைவிட மருந்தின் தன்மைதான் முக்கியம். மேக்னம் ப்ரைமரின் ஜுவாலை நீண்டது, சூடானது, அதிக நேரம் நீடிப்பது. அது தேவைப்படும் இடங்கள் மூன்று.

முதலாவது, பால் பவுடர் என்ற உருண்டை மணி மருந்து. இதன் மணிகளின் மேல் எரிவதை மட்டுப்படுத்தும் பூச்சு கனமாக இருக்கும், பற்றவைப்பது கடினம். ஹாட்ஜ்டன் எச்110 இதற்கு நல்ல உதாரணம். வின்செஸ்டர் 296 என்று விற்பதும் அதே மருந்துதான். இதற்கு மேக்னம் ப்ரைமர், கெட்டியான கிரிம்ப் (கேஸின் வாயைப் புல்லட்மேல் நெரிப்பது), நிறைந்த கேஸ் மூன்றும் வேண்டும். எச்110ஐ உச்ச அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்பது ஹாட்ஜ்டனின் எச்சரிக்கை. ‘குறைத்தால் பாதுகாப்பு’ என்ற பொதுவிதி இந்த மருந்தில் தலைகீழாகிவிடும்: பாதி எரிந்து அணைந்தால் புல்லட் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும்.

இரண்டாவது, ஐம்பது அறுபது கிரெய்னுக்கு மேல் மெதுவாக எரியும் மருந்து கொள்ளும் பெரிய ரைஃபிள் கேஸ்கள். மூன்றாவது, கடுங்குளிர். பூஜ்யம் டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது மைனஸ் 18 செல்சியஸுக்குக் கீழே வேட்டைக்குப் போகிறவர்கள் மேக்னத்தைத் தேர்ந்தெடுப்பது நியாயம்.

இவை எதுவும் இல்லாதபோது மேக்னத்தால் லாபமில்லை. சிறிய கேஸில் வேகமாக எரியும் மருந்தோடு அதைச் சேர்த்தால், மருந்து நன்றாகப் பற்றுமுன்பே புல்லட் நகர்ந்துவிடும். வேகம் ஒரு தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். .22 ஹார்னெட் போன்ற குட்டிக் கேஸில் இது நன்றாகத் தெரியும்.

வின்செஸ்டரின் லார்ஜ் பிஸ்டல் பெட்டியில் ‘சாதாரண, மேக்னம் லோடுகளுக்கு’ என்றே அச்சிட்டிருக்கும், ஒன்றே இரண்டுக்கும். மற்ற நிறுவனங்களில் எண்கள் வேறு. சிசிஐயில் 500 ஸ்மால் பிஸ்டல், 550 அதன் மேக்னம், 300 லார்ஜ் பிஸ்டல், 350 அதன் மேக்னம். ரைஃபிளில் 400, 450 ஸ்மால், 200, 250 லார்ஜ். ஃபெடரலில் 100, 150 பிஸ்டல், 205 ஸ்மால் ரைஃபிள், 210 லார்ஜ் ரைஃபிள், 215 அதன் மேக்னம். பின்னால் ‘எம்’ வந்தால் மேட்ச் தரம், அதாவது போட்டிச் சுடுதலுக்கானது. ரெமிங்டனில் 1½, 2½ பிஸ்டல். 6½, 7½ ஸ்மால் ரைஃபிள். 9½ லார்ஜ் ரைஃபிள். இதில் 6½ஐ மட்டும் தனியாக நினைவில் வைக்க வேண்டும். அதன் கப் மெல்லியது, ஹார்னெட் போன்ற மென்மையான தோட்டாக்களுக்கானது. .223க்கு அது வேண்டாம் என்று ரெமிங்டனே சொல்கிறது, 7½தான் சரி.

துப்பாக்கி என்ன கேட்கிறது

ஏஆர்-15, எம்1 கேரண்ட், பெரும்பாலான எஸ்கேஎஸ் ரைஃபிள்களில் ஃபயரிங் பின்னைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் வேகத்தில் பின் முன்னே ஓடி ப்ரைமரை லேசாகத் தட்டும். ஏஆரில் ஒரு தோட்டாவை ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்து ப்ரைமரைப் பாருங்கள்: நடுவில் குண்டூசி முனையளவு பள்ளம் இருக்கும். நல்ல ப்ரைமரில் அது வெறும் தடம். உணர்திறன் மிகுந்த ப்ரைமரில், அல்லது வெளியே துருத்தி நிற்கும் ப்ரைமரில், அந்தத் தட்டலே போதும். விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கும். போல்ட் முழுதாகப் பூட்டுமுன் வெடித்தால் துப்பாக்கி சிதறும்.

இதற்காகவே சிசிஐ 41, 34 என்று இரண்டு வந்தன. முதலாவது ஸ்மால் ரைஃபிள், இரண்டாவது லார்ஜ் ரைஃபிள். ஆன்விலின் கோணத்தை மாற்றி ராணுவத் தேவைக்கேற்ப உணர்திறனைக் குறைத்திருக்கிறார்கள். ஜுவாலை மேக்னம் அளவு என்பதால் லோடைக் கீழிருந்து தொடங்க வேண்டும். ஏஆருக்கு சிசிஐ 450, ரெமிங்டன் 7½ இரண்டும் நன்றாக உழைக்கும்; 41ஐயும் சேர்த்து மூன்றிலும் கப் 0.025 அங்குலம். சிசிஐ 400இன் கப் 0.020தான். மென்மையான லோடில் அது பிழைத்துக்கொள்ளும். 55,000 பிஎஸ்ஐ என்ற உச்சத்தை நெருங்கும் .223இல் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ரிவால்வரில் கதை வேறு. டிரிகர் இழுப்பை லேசாக்க மெயின் ஸ்பிரிங்கைத் தளர்த்தியவர்களுக்கு ஹேமர் அடி பலவீனமாகிவிடும். எளிதில் பற்றும் ஃபெடரல் 100, 150 ப்ரைமர்களையே அவர்கள் தேடுவதற்குக் காரணம் அதுதான். கையாளும்போது அதே குணம் கூடுதல் கவனத்தைக் கேட்கிறது: ஃபெடரல் தட்டில் ப்ரைமர்கள் விளிம்பில் நிற்கும்படி வைத்திருப்பதும், பெட்டி மற்றவற்றைவிடப் பெரிதாக இருப்பதும் அதற்காகவே. கையால் அழுத்தும் ப்ரைமிங் கருவி வைத்திருப்பவர்கள், எந்த நிறுவனத்தின் ப்ரைமரை அனுமதிக்கிறது என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மாற்றும்போது

ப்ரைமரின் பெயர், வகை எது மாறினாலும் உச்ச லோடிலிருந்து 10 சதவீதம் இறங்கி, அரை கிரெய்ன் அல்லது அதற்கும் குறைவான படிகளில் ஏறி வர வேண்டும். பிஸ்டலில் படி 0.1, 0.2 கிரெய்ன்தான். எச்110 போல இறக்கக் கூடாத மருந்தில் இந்த வழி செல்லாது. அங்கே மேனுவல் சொன்ன ப்ரைமரையே வாங்குங்கள். ஆயிரம் கொண்ட பிரிக் ஒன்று முடிந்து வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் வந்தால் முழுதாகப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. உச்சத்தில் இருக்கும் லோடை மட்டும் கொஞ்சம் இறக்கி, வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் பத்துத் தோட்டா சுட்டுப் பாருங்கள். மேட்சுக்குச் சுடுகிறவர்கள் ஒரு சீசனுக்கு வேண்டியதை ஒரே லாட்டில் வாங்குவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான்.

எந்த ப்ரைமர் துல்லியம் தரும் என்பது கடைசிக் கேள்வி. குழி, மருந்து, துப்பாக்கி மூன்றும் தீர்ந்தபின் மீதமிருக்கும் இரண்டு மூன்று ப்ரைமர்களை மட்டும் ஒப்பிடுங்கள். கேஸ், மருந்து, புல்லட், நீளம் எதையும் மாற்றாமல் ஒவ்வொன்றிலும் குறைந்தது 10, முடிந்தால் 20 தோட்டா. ஐந்து தோட்டாவில் கிடைக்கும் வேக வேறுபாட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். அடுத்த ஐந்தில் வரிசையே மாறிவிடும். வெவ்வேறு ப்ரைமர்களை மாற்றி மாற்றிச் சுட்டால் குழல் சூடு எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிடப்படும். 100 யார்டில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஆயிரம் யார்டில் .308க்கு விநாடிக்கு 10 அடி வேக வித்தியாசம் மூன்று நான்கு அங்குல ஏற்ற இறக்கமாகத் தெரியும்.

குழியைத் தயார்செய்து பதிப்பது

நல்ல ப்ரைமரை மோசமாகப் பதித்தால் அது மோசமான ப்ரைமர்தான். குழியின் அடியில் கரி படிந்திருந்தால் சுரண்டி எடுங்கள். ராணுவக் கேஸ்களில் ப்ரைமரைச் சுற்றிப் பித்தளையை நெரித்து வைத்திருப்பார்கள். லேக் சிட்டி கேஸில் ‘எல்சி’ என்ற எழுத்துகளோடு பெரும்பாலும் நேட்டோவின் வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருக்கும். அந்த நெரிப்பை ஸ்வேஜ் செய்தோ (அழுத்தி விரிப்பது) ரீம் செய்தோ (கடைந்து எடுப்பது) நீக்காமல் புது ப்ரைமரை அழுத்தினால் அதன் விளிம்பு சீவப்பட்டுக் கோணலாக உள்ளே போகும். ரீமரை அதிகம் சுற்றினாலும் கெட்டது: குழி தளர்ந்துவிடும்.

பதிக்கும்போது விரலில் இரண்டு கட்டங்கள் தெரியும். முதலில் ப்ரைமர் குழிச் சுவரை உரசிக்கொண்டு சீராக இறங்கும். பிறகு ஆன்விலின் கால்கள் குழியின் அடியைத் தொட்டதும் கருவி சட்டென்று கெட்டியாகும். அதற்குமேல் மிகச் சிறிய அழுத்தம், அவ்வளவுதான். அந்தச் சிறு அழுத்தம்தான் உள்ளிருக்கும் மருந்து வில்லையை ஆன்வில்மேல் இறுக்குகிறது. ப்ரைமரின் முகம் கேஸ் அடிக்குக் கீழே 0.003 முதல் 0.005 அங்குலம் வரை இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தடவுங்கள். மேடு தட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் கண்ணாடித் துண்டின்மேல் கேஸை நிறுத்துங்கள். ஆடினால் ப்ரைமர் உயரமாக இருக்கிறது.

கட்டைவிரல் அழுத்தத்திலேயே ப்ரைமர் நழுவி உள்ளே போனால் அந்தக் கேஸின் ஆயுள் முடிந்தது. சுட்டபின் ப்ரைமரைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தாலும் அப்படியே. அந்தக் கசிவு போல்ட் முகத்தை அரித்துப் பள்ளம் போட்டுவிடும்.

சுட்ட ப்ரைமர் சொல்வது

விளிம்பின் வளைவு மறைந்து ப்ரைமர் முழுத் தட்டையாகி, குழியை மூலைவரை நிரப்பியிருந்தால் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். ஆனால் கேஸை அளவுக்கு மீறித் தோளில் அழுக்கி ஹெட்ஸ்பேஸ் (அறைக்குள் கேஸுக்கு இருக்கும் இடைவெளி) கூடிப்போனாலும் இதே தோற்றம்தான் வரும். அப்போது அழுத்தம் குறைவாகக்கூட இருக்கும். பின் அடித்த பள்ளத்தைச் சுற்றி எரிமலை வாய்போல் மேடு எழுந்திருந்தால் அதிக அழுத்தம், அல்லது போல்ட்டில் பின் துளை பெரிதாக இருப்பது, இரண்டில் ஒன்று. ஓட்டை விழுந்திருந்தால் அன்றைய சுடுதலை அங்கேயே நிறுத்துங்கள். மெல்லிய கப் சீக்கிரம் தட்டையாகும், தடித்த கப் அசையாமல் நிற்கும் என்பதால் ப்ரைமரை மட்டும் பார்த்து அழுத்தத்தைத் தீர்மானிக்க முடியாது. அதோடு குரோனோகிராஃப் வேகம், போல்ட் தூக்கும்போது பிடிக்கும் பிடி, கேஸ் அடியில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) பதித்த பளபளப்பான தடம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வேகம் மேனுவலைத் தாண்டினால் ப்ரைமர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அழுத்தமும் தாண்டியிருக்கிறது.

வெடிக்கவில்லையா? குழலை இலக்கின் பக்கமே பிடித்துக் குறைந்தது 30 விநாடி காத்திருந்துவிட்டுத் திறவுங்கள். முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடிக்கும் தோட்டாக்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: ப்ரைமர் அடிவரை இறங்கவில்லை, முதல் அடியின் பலம் அதை உள்ளே தள்ளுவதிலேயே போய்விட்டது. எல்லாவற்றிலும் பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

வைத்திருப்பது, கையாள்வது

ப்ரைமர்கள் நூறு நூறாகத் தட்டில் வருவது பாதுகாப்புக்காக. அவற்றைக் கண்ணாடிப் பாட்டிலிலோ டப்பாவிலோ கொட்டினால் ஒன்று வெடிக்கும்போது மொத்தமும் சேர்ந்து வெடிக்கும். அசல் பெட்டியிலேயே, குளிர்ந்த உலர்ந்த இடத்தில், மருந்திலிருந்து தள்ளி வையுங்கள். வீட்டில் வைக்க அமெரிக்கத் தீத்தடுப்பு விதி என்எஃப்பிஏ 495 சொல்லும் வரம்பு 10,000 ப்ரைமர். எண்ணெய்க் கையால் தொடாதீர்கள்; ஊடுருவும் எண்ணெய் ப்ரைமரைச் செயலிழக்கச் செய்யும். சிந்தியதை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள், கையால் பொறுக்குங்கள். ப்ரைமர் பதிக்கும்போது கண்ணாடி அணியாமல் உட்காரவே கூடாது.

ப்ரைமர் கலவையில் பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கேஸ்களைச் சுத்தம் செய்ய உலர் டம்ப்ளர் கருவியில் சுற்றும்போது எழும் தூசியில் அந்த ஈயம் மிதக்கும். டம்ப்ளரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், சலிக்கும்போது முகமூடி அணியுங்கள். வேலை மேசையில் சாப்பாடும் காபியும் கூடாது. முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தச் சட்டையையும் தனியாகத் துவையுங்கள்.

தவறாகப் பதித்த உயிருள்ள ப்ரைமரை எடுக்க வேண்டியிருந்தால், மருந்தும் புல்லட்டும் இல்லாத வெறும் கேஸை அந்தத் துப்பாக்கியிலேயே ஏற்றி, பாதுகாப்பான திசையில் சுட்டுவிடுவது சுலபம். நசுங்கி அறைக்குள் ஏறாதபடி ஆகிவிட்டால் கண்ணாடியும் காதடைப்பும் அணிந்து, டீகேப்பிங் டையில் மெதுவாக, அடிக்காமல் அழுத்தி வெளியே தள்ளுங்கள். வெளியே வந்ததை மறுபடி பயன்படுத்த வேண்டாம். ஆன்வில் இடம் மாறியிருக்கும்.